நம் வீட்டுக் கிணற்று நீர் குடிக்கத் தக்கதா?

நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருவனந்தபுரம் வந்து குடியேறும் நம்மவர்கள் முதலில் மெச்சுவது இவ்வூர்க் கிணற்று நீரைத்தான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல், சோப்பு நுரைக்காமல் அவதிப்பட்டவர்களுக்கு இங்கே வாளியில் இறைத்த நீர் இளநீர்போல் இனிக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தே 'உப்பு', 'நல்ல தண்ணீர்' என்று தீர்ப்புச் சொல்லிப் பழகியவர்கள் நாம். இந்த ஊரில் அந்தச் சோதனை உதவாது. இங்குள்ள ஆபத்துக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை.

நகரின் மேட்டுப் பகுதிகளில் பெரும்பாலும் வெட்டுக்கல் நிலம். துளைகள் நிறைந்த அந்தக் கல் மழைநீரை விரைவாக உள்ளே விடும். கழிவறைக் குழியிலிருந்து கசிவதையும் அப்படியே விடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுத் தொட்டி கூடாது என்கின்றன கேரளக் கட்டட விதிகள். வலியசாலை, கரமனை போன்ற இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய வீடுகளில் இந்த இடைவெளிக்கு எங்கே போவது? நம் தொட்டி தள்ளியிருந்தாலும் அடுத்த வீட்டுத் தொட்டி நம் கிணற்றை ஒட்டியிருக்கலாம். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

பரிசோதனை இருவகை. முதலாவது இரசாயனப் பரிசோதனை. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும். வெட்டுக்கல் மண் கிணறுகளில் இது 6.5-க்கும் கீழே போவது சாதாரணம். அத்தகைய நீர் உலோகக் குழாய்களை அரிக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கழிவு கலக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது கெடுதல்.

இரண்டாவது கிருமிப் பரிசோதனை. நமக்கு முக்கியம் இதுவே. மலத்தில் வாழும் ஈ.கோலி என்ற கிருமி 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வடிகட்டி விற்க வருபவர் ஒரு சிறு கருவியை டம்ளரில் நுழைத்து எண்ணைக் காட்டுவார். அது கரைந்த உப்பின் அளவு மட்டுமே. கிருமியைப் பற்றி அக்கருவி எதுவும் சொல்லாது.

கேரள வாட்டர் அத்தாரிட்டியின் தரப் பரிசோதனைக் கூடங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அதைக் கழுவக் கூடாது; மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மாடித் தொட்டிக்குப் போகும் முன் உள்ள குழாயில் மோட்டாரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். இல்லையேல் கிணற்றின் குறையா, தொட்டியின் குறையா என்று தெரியாது. பனிக்கட்டியோடு வைத்து, கூடுமானவரை ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். முந்தின நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு நீர் எடுப்பவர்களும் உண்டு. பரீட்சைக்கு விடைத்தாளைக் கையோடு கொண்டுபோவது போலத்தான் இது!

இடவப்பாதி மழை தொடங்கிய பின் ஒருமுறையும், கிணறு வற்றும் கோடையில் ஒருமுறையும் சோதிப்பது நல்லது.

ஈ.கோலி இருப்பதாக முடிவு வந்தால் குளோரின் இட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். நோய் பரவும் காலத்தில் 5 கிராம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். ஆகவே 24 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி நன்றாகக் கலக்குங்கள். இரவில் செய்தால் காலையில் நீரைப் பயன்படுத்தலாம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். மீண்டும் ஈ.கோலி தென்பட்டால் எங்கிருந்தோ கசிவு தொடர்கிறது. தொட்டியையும் கிணற்றின் உறைகளையும் கொத்தனாரைக் கொண்டு பார்க்க வேண்டும். அதுவரை நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள். பதிமுகமோ சீரகமோ போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு, சூடு தணிய ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்த ஒரு செம்பில் கிருமி மறுபடி வந்துவிடும்.