கிணற்று நீரும் பட்டாசு உப்பும்

பட்டாசு ஆலைக்குப் பக்கத்தில் வீடு. கிணற்று நீரில் பெர்குளோரேட் கலந்திருக்கும் என்கிறார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா? அதைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறதாமே, கிணற்றில் விடலாமா?
– ஒரு வாசகி, திருத்தங்கல்

கொதிக்க வைக்காதீர்கள், அம்மா. பெர்குளோரேட் ஆவியாகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். துணியில் வடிகட்டினாலும் போகாது. ஆர்.ஓ. கருவி பெருமளவு குறைக்கும். அதைப் பொருத்தும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் எடுங்கள். குளிக்க, துவைக்கக் கிணற்று நீர் போதும்.

பாக்டீரியா செய்தி உண்மைதான். ஆய்வகத்தில் உருவாக்கியதுகூட அல்ல, மண்ணிலும் சேற்றிலும் இயல்பாக வாழ்வது. டெக்லோரோமோனாஸ் அதில் ஒரு வகை. அதன் ஒரு நொதி பெர்குளோரேட்டைக் குளோரைட்டாக்கும். இன்னொன்று குளோரைட்டைப் பிளந்து சாதாரணக் குளோரைடும் ஆக்சிஜனும் தரும். எவ்வளவு அழகான வேலை! கலிஃபோர்னியாவில் ராக்கெட் எரிபொருளிலிருந்து பெர்குளோரேட் கலந்த நிலத்தடி நீரை இப்படியும் பெரிய தொட்டிகளில் சுத்திகரிக்கிறார்கள். ஆனால் காற்றுப்படாத தொட்டி வேண்டும், அசிட்டேட் போன்ற தீனி வேண்டும், பிறகு கிருமிநீக்கமும் வேண்டும். திறந்த கிணற்றில் விட்டால் பலிக்காது.

முதலில் நீரைச் சோதியுங்கள். வழக்கமான பரிசோதனையில் இது வராது. 'பெர்குளோரேட்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 70 மைக்ரோகிராம். தைராய்டு அயோடினை எடுப்பதைப் பெர்குளோரேட் தடுப்பதால், குறிப்பாக வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் முடிவுக்காகக் காத்திராமல் இன்றே நீரை மாற்றுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்குங்கள்.