எரிந்த என்பும் எஞ்சிய எழுத்தும்

டைனோசார் என்றதும் திரைப்படத்தில் உறுமிவரும் முழு உருவமே நம் கண்முன் நிற்கிறது. ஆயின் தொல்லுயிரியலார் கைக்குக் கிட்டுபவை பெரும்பாலும் உடைந்த என்புத் துண்டுகளே. அத்துண்டுகளும் இல்லாதொழிந்த ஓர் ஊனுண்ணியை ஈண்டுக் காண்போம். அதன் பெயர் பஹாரியாசாரஸ்.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் உள்ளது பஹாரியாச் சோலை. அரபியில் ‘பஹ்ர்’ என்பது கடல். எகிப்தியருக்குக் கடல் வடக்கே இருத்தலின் ‘பஹ்ரீ’ என்னும் சொல் அவர்தம் வழக்கில் வடதிசையைக் குறிக்கும். ஆகவே இது வடபாற் சோலை. ஏறத்தாழ 9½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடம் மெய்யாகவே கடலோரச் சதுப்பாக இருந்தது என்பது சுவையான பொருத்தம்.

ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1911ஆம் ஆண்டு அங்குச் சென்று ஆய்ந்தார். அவருக்காக ரிச்சர்டு மார்க்கிராஃப் என்பார் தொடர்ந்து அகழ்ந்தார். முதல் உலகப்போர் குறுக்கிட்டமையால், எஞ்சிய பெட்டிகள் 1922இல்தான் மியூனிக் நகரை அடைந்தன. உள்ளிருந்த என்புகள் பல நொறுங்கிக் கிடந்தன. பொறுமையுடன் அவற்றை ஆராய்ந்த ஸ்ட்ரோமர், 1934இல் சில முதுகெலும்புகளையும் இடுப்பெலும்புகளையும் கொண்டு இவ்விலங்கிற்குப் பெயரிட்டார்.

தலையோடு கிடைக்காத ஒன்றை ஊனுண்ணி என்பது எங்ஙனம் என மாணவர் வினவலாம். இடுப்பெலும்பின் அமைப்பு, இருகாலால் நடந்த ஊனுண்ணிக் குலத்தையே காட்டுகிறது. நீளம் 11 அல்லது 12 மீட்டர் இருக்கலாம் என்பர். இவ்வளவு குறைந்த சான்றின்மேல் எழுந்த கணிப்பை நாம் சற்று ஐயத்துடனேயே கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின்போது சேகரத்தைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுமாறு ஸ்ட்ரோமர் மன்றாடினார், பயனில்லை. 1944 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு பிரிட்டானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அருங்காட்சியகம் எரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் நிலைத்த என்புகள் ஓரிரவில் அழிந்தன. அவர் அச்சிட்ட விளக்கவுரையும், அளவுக் குறிப்புகளும், வரைபடத் தாள்களும் பிழைத்தன.

அவ்வெழுத்திற்கு 1996இல் புதிய தேவை எழுந்தது. பால் செரெனோ குழுவினர் மொராக்கோவில் கிடைத்த வேறோர் ஊனுண்ணிக்கு டெல்டாட்ரோமியஸ் எனப் பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பார் ஒருசாரார். இடுப்பெலும்பின் வடிவு வேறுபடுகிறது என்பார் மற்றொரு சாரார். வழக்கைத் தீர்க்க விழைவோர், மொராக்கோ என்புக்கு அருகே ஸ்ட்ரோமரின் படத்தாளையே விரித்து வைத்து ஒப்பிடுகின்றனர். எரிந்துபோன அவ்வென்புகளில் அவர் அளந்து எழுதாது விட்ட பகுதியை இனி எவரும் அளக்க இயலாது.