மைக்கை ஆன் பண்ணுறதுக்கு முன்னாடி…

வீட்டு அறையையே ஸ்டூடியோவா மாத்தி பாட்டு, பாட்காஸ்ட்னு ரெக்கார்ட் பண்ற ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

போன பொங்கல் லீவில் என் அப்பத்தாவைத் தாலாட்டுப் பாடச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினேன். ஒரே டேக்தான். "போதும்டா, மூச்சு வாங்குது"ன்னு எழுந்துட்டாங்க. ஹெட்போனில் கேட்டால், பாட்டுக்குப் பின்னால் 'உய்ய்ய்'னு என் கம்ப்யூட்டர்! சாஃப்ட்வேரில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன். இரைச்சல் போச்சு. கூடவே அப்பத்தா மூச்சு இழுக்கிற சத்தமும் போச்சு. குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுச்சு.

ஏன் அப்படி? ஃபேன் இரைச்சல் பல அதிர்வெண்களில் பரவியிருக்கும். குரலும் அதே அதிர்வெண்களில்தான் இருக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். அதனால் இரைச்சலை மைக்குக்குள் போகும் முன்பே குறைக்கணும். எப்படின்னு பார்ப்போம்.

1. அதிர்வு: 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றும். அதனால் 120 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். சிபியு மேசை மேல் இருந்தால் மேசையும் மைக் ஸ்டாண்டும் சேர்ந்து அதிரும். சிபியுவைத் தரையில் இறக்கி, அடியில் ரப்பர் மேட் போடுங்க. எஸ்எஸ்டிக்கு மாறினால் சுற்றுகிற பாகமே இல்லை.

2. ஃபேன்: வேகம் பாதியானால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருந்தால் சூடு வெளியேறாமல் ஃபேன் வேகமாக ஓடும். முதல் வேலையா தூசி தட்டுங்க, காசே ஆகாது! சத்தத்தை மறைக்கிறேன்னு சிபியுவைப் போர்வையால் மட்டும் மூடிடாதீங்க. சூடு ஏறி, ஃபேன் இன்னும் அதிகமா கத்தும்.

3. தூரம்: திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். சின்ன அறையில் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. அதனால் மைக்கைப் பாடுறவர் பக்கத்தில் கொண்டு போங்க. 40 செ.மீ.யில் இருந்த மைக்கை 20 செ.மீ.க்குக் கொண்டு வந்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு கெயினைக் குறைத்தால் இரைச்சலும் குறையும்.

4. திசை: கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அந்த முதுகைக் கம்ப்யூட்டருக்குக் காட்டுங்க.

கடைசியா ஒன்று. பாடச் சொல்வதற்கு முன் 10 நொடி வெறும் அறையை ரெக்கார்ட் பண்ணி ஹெட்போனில் கேளுங்க. நான் அன்னைக்கு அதைத்தான் செய்யலை.

எடிட் பண்ணினாலும் ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க. என்கிட்ட இப்போ ரெண்டு ஃபைலும் இருக்கு. நான் கேட்கிறது அந்த 'உய்ய்ய்' இருக்கிறதைத்தான். அப்பத்தாவோட மூச்சு அதிலதான் இருக்கு.