நாவும் வயிறும் மூளையிற் கூடுமிடம்

எலிக்கு நஞ்சு வைத்தோர் யாவரும் ஒரு செய்தியை அறிவர். நஞ்சுணவிற் சிறிதே உண்டு பிழைத்த எலி, பின்னர் அவ்வுணவை அணுகினும் தின்னாது விலகிச் செல்லும். எலியின் தந்திரம் என நாம் சலித்துக்கொள்கிறோம். உண்மையில் அது தந்திரமன்று, கல்வியாகும். அதுவும் ஒரேயொரு முறையிற் கற்ற கல்வி. எலி வாந்தியெடுக்கமாட்டாத பிராணி என்பதை நினைவிற் கொண்டால், இக்கல்வி அதற்கு எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

இதனை ஆய்வுகூடத்தில் முதன்முதல் ஆராய்ந்து விளக்கியோருள் தலைசிறந்தவர் ஜோன் கார்சியா என்னும் அமெரிக்கர். சன் பிரான்சிஸ்கோவிலிருந்த கடற்படைக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தில் அவர் எலிகள்மீது காமாக் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார். கதிர் பாய்ச்சும் அறையில் எலிகள் நீரருந்துவது வரவரக் குறைந்தது. அங்கிருந்த நீர்ப்போத்தல்கள் பிளாஸ்ரிக்காற் செய்தவை. கூட்டிலிருந்தவையோ கண்ணாடிப் போத்தல்கள். கதிரினால் விளைந்த குமட்டலைப் பிளாஸ்ரிக்கின் சுவையோடு எலிகள் தொடர்புபடுத்தின போலும் என்று கார்சியா ஐயுற்றார். சக்கரின் கலந்த இனிய நீரைக் கொடுத்துக் கதிர் பாய்ச்சியபோது, எலிகள் அவ்வினிப்பையே வெறுத்தன. இம்முடிவு 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1966இல் அவரும் கோலிங் என்பவரும் செய்த பரிசோதனை இன்னுஞ் சுவையானது. எலி நீரை நக்குந்தோறும் ஒளி மின்னும், ஓசை எழும், நீரும் ஒரு சுவையுடையதாயிருக்கும். பின்னர்ச் சில எலிகளை நோயுறச் செய்தனர். வேறு சிலவற்றுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தனர். நோயுற்றவை சுவையை வெறுத்தன; ஒளியையும் ஓசையையும் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சியுற்றவையோ ஒளியையும் ஓசையையும் அஞ்சின, சுவையைப் பொருட்படுத்தவில்லை. எக்குறியும் எவ்விளைவோடும் ஒருபடித்தாய் இணையும் என்றும், இரண்டுக்குமிடையே சில விநாடிகளே செல்லலாம் என்றும் அக்கால உளவியலார் நம்பியிருந்தனர். சுவைக்கும் நோய்க்கும் இடையே மணிக்கணக்கிற் சென்றாலும் எலி கற்கும் என்பதை அவர்கள் எளிதில் ஏற்றாரல்லர். கார்சியாவின் கட்டுரைகள் சில, சஞ்சிகைகளாற் புறக்கணிக்கப்பட்டன. தரவைவிடக் கொள்கையைக் காதலிப்பது அறிஞர்க்கும் உள்ள பலவீனமே.

இனி, மூளையினுட் புகுவோம். நாவிலும் தொண்டையிலும் பிறக்குஞ் சுவையுணர்ச்சியை ஏழாம், ஒன்பதாம், பத்தாம் மண்டை நரம்புகள் ஏந்திச் செல்கின்றன. அவை முடியுமிடம் நீள்வளைய மையவிழையத்திலுள்ள தனிக்கற்றைக் கரு. வயிறும் குடலும் அனுப்புஞ் செய்திகளும் பத்தாம் நரம்பாகிய அலைநரம்பின் வழியே அதே கருவின் பிற்பகுதியை அடைகின்றன. நாவும் வயிறும் ஒரே வீட்டின் முன்னறையிலும் பின்னறையிலும் குடியிருக்கின்றன எனலாம். இவ்வீட்டுக்கு அண்மையில் ஒரு காவலனும் உண்டு. நான்காம் மூளையறையின் தளத்தில், இரத்தத்திலுள்ள நஞ்சு எளிதிற் புகக்கூடிய சிறு பகுதி அது. அதனை அழித்துவிட்டால், இலிதியங் குளோரைட்டினால் நோயுற்ற எலியும் சுவையை வெறுக்கக் கற்பதில்லை. ஆயின், செப்புச் சல்பேற்றை வயிற்றினுட் செலுத்தும்போது அலைநரம்பே முதன்மையான வழியாகிறது. அந்நரம்பை அறுத்தால் அவ்வெறுப்புக் குன்றுகிறது. நோய் வந்தேறும் வாயில்கள் பல என்பதே இதன் பொருள்.

அடுத்த நிலையம் வரோலியின் பாலத்திலுள்ளது. எலியின் சுவைப்பாதை இங்கே தங்கிச் செல்கின்றதென நோர்கிறென், லெனார்ட் என்போர் 1970களின் தொடக்கத்தில் நிறுவினர். குரங்கிலோ சுவைப்பாதை இதனைத் தாண்டி நேரே மேலே செல்கின்றது; ஆதலின் எலியிற் கண்டதையெல்லாம் மனிதன்மீது ஏற்றுதல் தகாது. இப்பாலக்கருவை அழித்த எலி இனிப்பையுங் கசப்பையும் பகுத்தறியும். ஆனால் நோயைக் கொண்டு புதிய சுவையை வெறுக்கக் கல்லாது. சத்திரசிகிச்சைக்கு முன்னர்க் கற்ற வெறுப்பை மட்டும் மறவாது. கற்குமிடம் வேறு, கற்றதைப் பேணுமிடம் வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயின் பாலமே எல்லாம் செய்கிறதென்று முடிவுகட்டலாகாது. 1978இல் கிறிலும் நோர்கிறெனும் முன்மூளையைத் துண்டித்த எலிகளை ஆராய்ந்தனர். அவை இனிப்பை விழுங்கின, கசப்பை உமிழ்ந்தன. எத்துணை முறை நோயுற்றும் வெறுப்பைக் கற்கவில்லை. மேலே செல்லும் பாதைகளுள் ஒன்று தலமசு வழியே மூளைய மேற்பட்டையின் தீவுப்பகுதியை அடைகிறது. மற்றொன்று வாதுமைப்பருப்பு வடிவான கருவை அடைகிறது. தீவுப்பகுதியிற் புரதத் தொகுப்பைத் தடுத்தால், புதிய சுவைமீது வெறுப்பு நிலைபெறுவது குன்றும் என்று 1993இல் அறியப்பட்டது.

இக்கல்விக்கு விழிப்பும் வேண்டுவதில்லை. சுவைத்தபின் மயக்கமருந்தில் ஆழ்ந்திருக்கும்போது நோயுண்டாக்கிய எலியும் அச்சுவையை வெறுக்கும். நாம் சிறுபராயத்திற் காய்ச்சல் தொடங்கிய மாலையில் அன்னாசி உண்டு இரவெல்லாங் குமட்டினோம். பழத்தின்மீது பழியில்லை என்பதை அன்றே அறிந்தோம். ஆயினும் அதன் மணம் இன்றும் எமக்கு ஆகாது. அறிவு சொல்வதை இப்பாதை கேட்பதில்லை.

இதனால் உண்மையில் வருந்துவோர் புற்றுநோய்க்கு மருந்தேற்றப் பெறுவோரே. மருந்துக்கு முன் புதுச்சுவை ஐஸ்கிறீம் உண்ட சிறுவர் பின்னர் அதனை ஒதுக்கினர் என்று ஐலீன் பேர்ன்ஸ்ரைன் 1978இற் காட்டினார். உடல் மெலியும் வேளையில் உணவும் வெறுத்துப்போவது கொடிதன்றோ! அவர்தம் குழுவினர் பின்னர் ஓர் உபாயங் கண்டனர். வழக்கமான உணவுக்கும் மருந்துக்கும் இடையே பழக்கமற்ற சுவையுடைய ஓர் இனிப்பைக் கொடுத்தனர். வெறுப்பின் பெரும்பங்கு அவ்வினிப்பின்மேற் சென்றது. அன்றாட உணவு ஓரளவு தப்பியது.