கேள்வியைக் கொண்டு யோசித்தல்

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில், காரைக்குடிச் சீமையிலிருந்து கப்பலேறிய பையன்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகே பொறுப்பான வேலைக்கு உயர்வார்கள். முந்திரி, காணி, மா என்ற சின்னஞ்சிறு பின்னங்களெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு! (வட்டித் தொழில் நமக்கு ஹராம். அவர்களுடைய கணக்கின் ஒழுங்கைக் கற்றுக்கொள்வது ஹராமல்ல.) வாய்ப்பாடு நெஞ்சில் இருந்தவனுக்குக் கணக்கு வந்தவுடன் தடுமாற்றமில்லை. யோசிப்பதற்கும் அப்படியொரு வாய்ப்பாடு வேண்டும். அது கேள்விகளால் ஆனது.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் கிராமவாசி ஒருவர் வந்தார். தம் மனைவி கறுப்பு நிறத்தில் ஒரு பிள்ளை பெற்றிருப்பதாகக் கூறினார். அவர் மனத்தில் இருந்தது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் மானமும், ஒரு குழந்தைக்குத் தகப்பன் உண்டா இல்லையா என்பதும் அந்த நொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

நாயகம் (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா என்று வினவினார்கள். உண்டு என்றார். என்ன நிறம்? சிவப்பு. அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் இருக்கிறதா? இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? முன்னோரின் இரத்தம் இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் பிள்ளையையும் அவ்வாறே இழுத்திருக்கலாமல்லவா என்று முடித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்ச்சி இது.

கவனியுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த பொருளிலிருந்து கேள்வி தொடங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். எல்லாவற்றுக்கும் மேலாக, காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். "நீ நினைப்பது தவறு" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் வாய் அடங்கியிருக்கும். சந்தேகம் அடங்கியிருக்குமா?

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வருவோம். காரைக்குடி, இளையான்குடிப் பக்கங்களில் பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பேச்சு எழாத வீடு குறைவு. ஏஜெண்டு வருகிறார், சம்பளத்தைச் சொல்கிறார், அன்றிரவே தாயின் நகை பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இஸ்திகாராத் தொழுதுவிட்டோம் என்பார்கள். தொழ வேண்டியதுதான். விசாரிக்கும் வேலையை அது நம்மிடமிருந்து எடுத்துவிடாது.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். நாம் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், ஏஜெண்டு சொல்லக் கேட்டது மறுபக்கம். பெரும்பாலும் முதல் பக்கம் வெறுமையாக இருக்கும்! பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விசா வேலைக்கானதா, சுற்றுலாவுக்கானதா? சம்பளம் ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்டு உரிமம் பெற்றவரா? (அரசின் இ-மைகிரேட் இணையத்தளத்தில் உரிமத்தைச் சரிபார்க்கலாம், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.) கடைசியாக ஒரு தலைகீழ்க் கேள்வி: ஆறு மாதத்தில் பையன் வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம், எதனால் வந்திருப்பான்? நல்லதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் மனம், இந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஓட்டைகளைத் தேடத் தொடங்கும்.

இன்னொரு ஹதீஸும் நினைவுக்கு வருகிறது. இலை உதிராத மரமொன்று முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று நபி (ஸல்) அவர்கள் சபையில் கேட்டார்கள். பேரீச்சை என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் பட்டது. அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்களே மௌனமாயிருக்க, சிறுவரான தாம் பேசுவதா என்று வெட்கி இருந்துவிட்டார்கள். நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாயிருந்திருக்கும் என்று தந்தை உமர் (ரலி) பின்னர் கூறினார்கள். நம் வீடுகளில் "சின்னப்பிள்ளை சும்மா இரு" என்பதல்லவா வழக்கம்!

நாம் அறிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கேட்டு முடித்தாயிற்று. கதவோரம் நின்ற பத்து வயதுப் பெண்ணிடம், "உனக்கு ஏதும் கேட்க வேண்டுமா, தாயீ?" என்றார் அத்தா.

"அண்ணன் தங்குற இடத்துக்கு வாடகை யாரு கொடுப்பா அத்தா?"

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.