ஆறிய புண்ணும் ஆறாத நோயும்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால் அது உடற்சூடு என்பதே குமரி மாவட்டத்து இனயம் போன்ற கடற்கரை ஊர்களின் முதல் முடிவு. கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் வாரக்கணக்கில் வெயிலிலும் எஞ்சின் வெக்கையிலும் கிடந்து கரையேறியவருக்கு அந்த விளக்கம் பொருந்தியும் விடுவதால், இளநீரும் நுங்கும் அக்கானி என்னும் பதநீரும் மருந்தாகின்றன. உடலில் நீர் குறைந்தால் கடுப்பு உண்டாகும் என்பது மெய்யே; ஆகவே இந்நம்பிக்கையை முழுப்பொய்யென ஒதுக்க முடியாது. ஆனால் வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவும், அதன் கூட்டாளி போன்ற கிளமிடியாவும் உடலுறவு வழியாகப் பரவும் பாக்டீரியாத் தொற்றுகள். இவையும் அதே எரிச்சலோடு தொடங்கக்கூடும். இளநீர் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைத் தொடாது.

பெண்களில் பலருக்கு அந்த எரிச்சல்கூடத் தோன்றுவதில்லை. வெள்ளைப்படுதல் மிகுந்தாலும் அதுவும் சூட்டின் கணக்கிலேயே எழுதப்பட, தொற்று கருப்பையைக் கடந்து கருக்குழாய்க்கு ஏறித் தழும்பையும் அடைப்பையும் உண்டாக்கக்கூடும். பிள்ளைப்பேறு தடைப்படுவதும், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாவதும் அதன் பின்விளைவுகள்.

புண் ஆறினால் நோய் போயிற்று என்ற நம்பிக்கை உடற்சூட்டு நம்பிக்கையைவிடக் கேடானது. பறங்கிப்புண் என்று அயலார் தலையில் பழியைச் சுமத்திப் பெயரிடப்பட்ட சிபிலிஸ், பிறப்புறுப்பில் பெரும்பாலும் வலியற்ற ஒற்றைப் புண்ணாகத் தோன்றி, மருந்தில்லாமலே 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் எழக்கூடும். வலையிழுத்துக் காய்ப்பேறிய கையில் அவற்றை யார் கவனிப்பார்? அவையும் மறைந்தபின் கிருமி ஆண்டுக்கணக்கில் உறங்கி, சிலருக்கு இதயத்தின் பெருந்தமனியையும் மூளையையும் கண்ணையும் தாக்குகிறது. கருவுற்ற தாயிடம் அது கண்டறியப்படாமல் போனால் குழந்தை இறந்தே பிறக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் பென்சிலின் ஊசி போதும். நேர்ந்துவிட்ட சேதத்தையோ அந்த ஊசி சரிசெய்யாது.

இந்நோய்கள் ‘நம் பக்கம் வராதவை’ என்ற எண்ணமும் பழையதே. எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்று இந்தியா நம்பியிருந்த 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகளில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த சோதனை எச்.ஐ.வி. தொற்றைக் காட்டியது. சோதிக்கும்வரை அது இல்லாததாகவே இருந்தது.

கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் ஆகியவற்றுக்குக் கணவன் மனைவியரில் ஒருவர் மட்டும் மருந்துண்டால் தொற்று மற்றவரிடமிருந்து திரும்பி வரக்கூடும். இருவரும் சேர்ந்தே சிகிச்சை பெற வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. நேரில் செல்லத் தயங்குவோர் முதலில் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டறியலாம்.