கண்டியில் ஒரு டெண்டர்: விளம்பரம் முதல் கடைசிக் காசு வரை

உள்ளூராட்சி சபைகளின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி பிறக்கிறது. அதனால் வருடக் கடைசி நெருங்க நெருங்க தினகரன், வீரகேசரி, தினமின பத்திரிகைகளில் சபைகளின் விளம்பரங்கள் பெருகும். அடுத்த வருடத்துக்கான வழங்குநர் பதிவு ஒரு பக்கம். இறைச்சிக் கடை, வாராந்தச் சந்தை, வாகனத் தரிப்பிடம், பொது மலசலகூடம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விடும் அறிவித்தல்கள் இன்னொரு பக்கம். கண்டி மாநகர சபை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கங்கவட்ட கோறளை, குண்டசாலை, ஹாரிஸ்பத்துவ, யட்டிநுவர, உடுநுவர பிரதேச சபைகளும், வத்தேகம, கடுகண்ணாவை நகர சபைகளும் இதே பருவத்தில்தான் விளம்பரம் போடுகின்றன.

சபை வாங்குகிறதா, விற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சந்தைக் குத்தகையில் சபை விற்கிறது. அதிக தொகை கேட்டவர் முன்னுக்கு நிற்பார். வடிகான், கொங்கிரீட் பாதை, தெருவிளக்கு, குப்பை லொறியின் டயர் என்று சபை வாங்கும்போது குறைந்த விலை போட்டவர் முன்னுக்கு நிற்பார். ஆனால் குறைந்த விலை மட்டும் போதாது. டெண்டர் போட்டுத் தோற்கும் சிறிய கொந்தராத்துக்காரர்களில் பலர் விலையில் தோற்பதில்லை, கடதாசியில் தோற்கிறார்கள்.

கண்டிக்கு மாநகர சபை வந்தது 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால். கொழும்பும் கண்டியும் ஒரே வேளையில் அந்த அந்தஸ்தைப் பெற்றன. இன்று மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் அடிப்படை. பொருள் வாங்குவதற்கும் வேலை கொடுப்பதற்கும் மற்ற அரச நிறுவனங்களைப் போலவே இவையும் பெறுகை வழிகாட்டல்களைப் பின்பற்ற வேண்டும். 2006இல் வந்த வழிகாட்டல்கள் பத்தொன்பது வருடம் நடைமுறையில் இருந்தன. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தால் 2015இல் உருவான தேசிய பெறுகை ஆணைக்குழு 2020இல் 20ஆவது திருத்தத்தோடு இல்லாமல் போய், 2022இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பி வந்தது. அது வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் அமுலில் உள்ளன. பழைய டெண்டர் கோவையை வைத்துக்கொண்டு புதியதை நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எந்த நிபந்தனையானாலும் கையில் உள்ள ஆவணத்தில் எழுதியிருப்பதே செல்லும்.

அடுத்தது பதிவு. வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வழங்குநர் பட்டியலில் பெயர், கட்டுமான வேலையென்றால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையான ‘சீடா’வின் தரப்பதிவு. சாதாரண தரங்களில் சி 1 உச்சம்; எண் ஏற ஏறத் தரம் இறங்கும். விளம்பரம் பாலத்துக்கு ஒரு தரமும் கட்டடத்துக்கு வேறு தரமும் கேட்கலாம். வேலையின் வகைக்குத் தனியாகப் பதிவு வேண்டும். டெண்டர் தொகை 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடம் பதிந்து, பி.சி.ஏ. 3 படிவத்தையும் இணைக்க வேண்டும். விளம்பரம் வந்த பிறகு இதற்காக ஓடினால் நேரம் போதாது. சீடா பதிவு காலாவதியாகும் திகதியை வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

எல்லா வேலையும் பத்திரிகை விளம்பரத்துக்கு வருவதில்லை. சிறிய தொகை என்றால் பதிவு செய்தவர்களிடம் குறைந்தது மூன்று விலைக்கோரல் எடுத்து முடித்துவிடுவார்கள். கிராமத்துப் படிக்கட்டு, சிறு கொங்கிரீட் பாதை போன்றவற்றை கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு நேரடியாகக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் பெரிய வேலையொன்றை விளம்பரத்துக்குப் போகாமல் இருப்பதற்காகத் துண்டு துண்டாக உடைப்பது வழிகாட்டல்களுக்கு எதிரானது. ஒரே வீதியில் நூறு மீற்றருக்கு ஒன்றாக மூன்று சிறு வேலைகள் வந்தால் சபையிடம் எழுத்தில் கேள்வி கேட்பதில் தவறில்லை. தேசிய மட்டப் போட்டி விலைமனுவுக்கு 2006 வழிகாட்டல்கள் குறைந்தது 21 நாள் அவகாசம் வைத்தன.

அந்த நாட்களில் முக்கியமான வேலை இடத்தைப் போய்ப் பார்ப்பது.

ஹந்தானைச் சரிவில் ஒரு ஒழுங்கைக்கு வடிகானும் தாங்குசுவரும் கட்டும் வேலை என்று வைத்துக்கொள்வோம். கனியச் சிட்டை, அதாவது எல்லோரும் பி.ஓ.க்யூ. என்று சொல்லும் பட்டியல், மேசையில் பார்க்க எளிதாக இருக்கும்: தோண்டல் இத்தனை கன மீற்றர், கருங்கல் கட்டு இத்தனை, பூச்சு இத்தனை. ஒழுங்கைக்குள் லொறி போகுமா என்று அதில் எழுதியிருக்காது. கண்டியின் மேட்டுநிலக் குடியிருப்புகள் பலவற்றில் மணலும் கல்லும் பிரதான வீதியில் இறங்கும். அங்கிருந்து மேலே ஆள்சுமைதான். அந்தக் கூலியை விலைக்குள் போடாதவர் வேலையை வென்ற நாளிலேயே நஷ்டத்தைத் தொடங்கிவிடுகிறார். சபையின் மதிப்பீடு மாகாண விலைப் பட்டியலை வைத்துச் செய்யப்படுவது. இந்த ஒழுங்கையின் கஷ்டம் அதில் முழுதாக இறங்கியிருக்கும் என்று நம்ப முடியாது.

மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி எடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தலதா மாளிகையைச் சூழ்ந்த புனித நகரப் பகுதி 1988இலிருந்து உலக மரபுரிமை. அங்கே நிலத்தைத் தோண்டுவதென்றால் தொல்பொருள் திணைக்களம் உள்ளே வரும். ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹர நாட்களில் நகரின் வீதிகள் மூடப்படும்போது கொங்கிரீட் லொறி நகராது. நான்கு மாத வேலை ஒன்று அந்தப் பருவத்தைக் கடக்குமானால் வேலை அட்டவணையில் அந்த நாட்களைக் கழித்தே எழுத வேண்டும். சந்தேகம் எதுவானாலும் ஆவணத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் கேட்கலாம். சபை தரும் பதில் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போக வேண்டும்.

விலை நிரப்பும்போது நடக்கும் பிழைகள் சின்னவை, விளைவு பெரிது. 48 மீற்றர் வடிகானுக்கு மீற்றருக்கு 9,500 ரூபா என்று ஒருவர் போடுகிறார். பெருக்கினால் 456,000. அவசரத்தில் தொகைக் கட்டத்தில் 465,000 என்று எழுதிவிடுகிறார். மதிப்பீட்டுக் குழு அலகு விலையை எடுத்துக்கொண்டு தொகையை 456,000 என்று திருத்தும். எண்ணில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் இருந்தால் எழுத்தில் உள்ளது செல்லும். திருத்தத்தை ஏற்க மறுத்தால் விலைமனு நிராகரிக்கப்படும்; பிணைப்பணமும் போகலாம். ஆகவே அலகு விலை நிரலை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. வெட்டித் திருத்திய ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உள்ள வற் வரியை விலைக்குள் கலக்காமல், ஆவணம் கேட்ட இடத்தில் தனியாகக் காட்ட வேண்டும்.

விலைமனுப் பிணை, அதாவது பிட் பொண்ட், அதிகம் பேரை வெளியே தள்ளும் இடம். விலைமனு 91 நாள் செல்லுபடி என்றால் பிணை அதற்கு மேல் 28 நாள், மொத்தம் 119 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது வழக்கம். வங்கி எழுத்தர் ஒரு நாள் குறைத்து அடித்துவிட்டால் அந்த ஒரு நாளுக்காகவே மனு தள்ளப்படலாம். ஆவணத்தில் உள்ள மாதிரிப் படிவத்தின் வாசகத்தை மாற்றாமல், திகதியைத் தானே எண்ணிப் பார்த்து, வங்கியை விட்டு வெளியேறும் முன் வாசித்துவிட வேண்டும். மூலப்பிரதி ஒரு உறையில், பிரதி இன்னொன்றில், இரண்டும் வேலையின் பெயர் எழுதிய வெளி உறைக்குள். கேள்விப்பத்திரப் பெட்டியில் கெடு நேரத்துக்கு முன் அது விழ வேண்டும். பேராதனை வீதி நெரிசலில் வான் மாட்டிக்கொண்டது சபைக்குக் காரணமாகாது. பிந்தி வந்த உறை திறக்கப்படாமலே திருப்பிக் கொடுக்கப்படும்.

கெடு முடிந்த உடனேயே பெட்டி திறக்கப்படும். அந்த அறையில் விலைமனுதாரரோ அவருடைய ஆளோ இருப்பது உரிமை. இந்த உரிமையைப் பயன்படுத்தாதவர்கள் அதிகம். அது பெரிய தவறு. திறக்கும் குழுவில் குறைந்தது இருவர் இருப்பார்கள். பெயர், தொகை, கழிவு, பிணை இருக்கிறதா இல்லையா என்பன சத்தமாக வாசிக்கப்பட்டுக் குறிப்பில் ஏறும். வாசிக்கப்படாத கழிவு மதிப்பீட்டில் கணக்கெடுக்கப்படாது. ஆகவே 5 சதவீதக் கழிவைத் தனிக் கடதாசியில் எழுதி உள்ளே செருகியவர், அது வாசிக்கப்படவில்லை என்றால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்களின் தொகையையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். பின்னால் வரும் முடிவைச் சரிபார்க்க அந்த ஒரு பக்கக் குறிப்பைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

அதற்குப் பிறகு கதவு மூடப்படும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, பேச்சுவழக்கில் ‘டெக்’, மனுக்களைப் பார்த்துப் பெறுகைக் குழுவுக்குச் சிபாரிசு எழுதும். முடிவு பெறுகைக் குழுவுடையது. நிபந்தனைகளை நிறைவேற்றிய மனுக்களுக்குள் மதிப்பிடப்பட்ட விலை குறைந்தது எது என்பதே அவர்கள் தேடுவது. மதிப்பீட்டைவிட மிகவும் தாழ்ந்த விலை வந்தால் விலைப் பகுப்பாய்வு கேட்பார்கள். இந்த நாட்களில் உறுப்பினர் ஒருவரைப் பிடித்து ஒரு சொல் சொல்லச் சொல்வது பலன் தராததோடு மனுவையே கொல்லக்கூடியது. மதிப்பீட்டில் தலையிட முயன்றால் நிராகரிக்கலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கும். தோற்றவர் காரணம் கேட்டு எழுதலாம், எழுதவும் வேண்டும். அடுத்த டெண்டருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஏற்புக் கடிதம் வந்தால் கெடுவுக்குள் செயலாற்றுகைப் பிணை. கட்டுமானத்துக்குப் பொதுவாக ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம். பிணை கொடுத்து 20 சதவீதம் வரை முற்பணம் கேட்க இடமுண்டு. கையெழுத்திடும் முன் விலைத் தளம்பல் வாசகம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. தாரும் சீமெந்தும் கம்பியும் அதோடு ஏறின. அந்த வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் மாட்டியவர்கள் பழைய விலைக்கே வேலையை முடிக்க வேண்டிய நிலையில் நின்றார்கள். காசு சபையின் சொந்த நிதியா, மாகாண சபை ஒதுக்கீடா, மத்திய அமைச்சின் நிதியா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கான கட்டணப் பட்டியல் எப்போது தீரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு கட்டணப் பட்டியலிலும் ஒரு பங்கு ரிட்டென்ஷனாக, அதாவது தடுப்புப் பணமாக, பிடிக்கப்படும். மொத்தம் பெரும்பாலும் 5 சதவீதத்தில் நிற்கும். குறைபாட்டுக் காலம் வழக்கமாக 365 நாள். அதற்குள் கண்டி இரண்டு மழைப் பருவங்களைப் பார்த்துவிடும். வடிகான் வெடித்தால், சுவர் வயிறு தள்ளினால் சொந்தச் செலவில் திருத்த வேண்டும். மண்ணுக்குள் மறையும் அத்திவாரத்தை மூடும் முன் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து அளவெடுத்து, அளவுப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கி, திகதியோடு படமும் எடுத்து வைத்தவருக்குக் கடைசிப் பட்டியலில் தகராறு குறைவு.

கொந்தராத்து எடுக்காத நகரவாசிக்கும் இதில் வேலை இருக்கிறது. சோலைவரி கட்டுகிறவருடைய காசுதானே அந்த வடிகான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “இந்த வேலை பற்றிய எல்லா விபரமும்” என்று கேட்பதைவிட, விலைமனு திறப்புக் குறிப்பு, ஏற்புக் கடிதம், கனியச் சிட்டை, கடைசிப் பட்டியல் ஆகிய நான்கின் பிரதியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கனியச் சிட்டையையும் ஒரு அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் நின்றாலே வடிகானின் அகலம் சரியா, நீளம் சரியா என்று யாருக்கும் தெரிந்துவிடும். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் ஆணைக்குழு. இலஞ்சம் கேட்கப்பட்டதென்றால் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.